சுவரொட்டிக்கு எந்த மெஷின்?

ஒரு அமைப்பு தொடங்கி கொஞ்ச நாளிலேயே இந்தக் கதை வந்துவிடும்: "ஒவ்வொரு முறையும் பிறின்ட் கடைக்குக் காசு கட்டுறதை விட, நாங்களே ஒரு பெரிய பிரிண்டர் வாங்கினால் என்ன?" உடனே எல்லோரும் ஃபோனை எடுத்து விலை பார்க்கத் தொடங்குவார்கள். எது மலிவு, எவ்வளவு அகலம், தவணைக்குத் தருவார்களா. கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் கையில் காசில்லாமல் பெரிய சுவரொட்டிகள் அடித்தவர்களின் வரலாற்றை எடுத்துப் பார்த்தால், அவர்களுக்கு மெஷினின் விலை முதல் கேள்வியாக இருக்கவில்லை. தாள் எங்கே கிடைக்கும், யாரால் அடிக்க ஏலும், எத்தனை வேண்டும், எவ்வளவு கெதியாக வேண்டும் என்பவைதான் அவர்களுடைய கேள்விகள்.

மலிவான அச்சைத் தேடிய கதை பழையது. ஜெர்மனியின் பவேரியாவில் அலோய்ஸ் செனஃபெல்டர் என்றொரு நாடகக்காரர் இருந்தார். தன் நாடகங்களை அச்சகத்தில் கொடுத்து அடிக்க வசதியில்லாமல் அவர் வேறு வழி தேடினார். 1796 அளவில் அவருக்குக் கிடைத்த விடைதான் லித்தோ என்கிற கல்லச்சு. சுண்ணாம்புக் கல்லில் கொழுப்புள்ள மையால் வரைந்து, கல்லை நனைத்து, அச்சு மையை உருட்டினால், வரைந்த இடத்தில் மட்டும் மை ஒட்டும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஜூல் ஷெரே போன்றவர்கள் பாரிஸ் தெருக்களை வண்ணச் சுவரொட்டிகளால் நிரப்பியது இந்த முறையால்தான். ஆனால் அதற்குள் அது பெரிய கல்லும் பெரிய பிரஸ்ஸும் தேர்ந்த கைகளும் கேட்கிற தொழிலாக மாறிவிட்டது. காசில்லாதவர் கண்டுபிடித்த முறை காசுள்ளவர்களின் முறையாகிப் போனது.

அடுத்த மலிவான முறை துணியில் இருந்து வந்தது. சட்டகத்தில் மெல்லிய துணியை இழுத்துக் கட்டி, மை போகக்கூடாத இடங்களை அடைத்து, ரப்பர் விளிம்பு வைத்த கட்டையால் மையை இழுத்துவிடுகிற ஸ்கிறீன் பிறின்டிங்தான் அது. இங்கிலாந்தின் மான்செஸ்டரைச் சேர்ந்த சாமுவேல் சைமன் 1907 இல் இதற்குக் காப்புரிமை எடுத்தார். நீண்ட காலம் இதை ஒரு விளம்பரப் பலகைத் தொழிலாகத்தான் பார்த்தார்கள்.

1930களின் பொருளாதார மந்தத்தில், அமெரிக்க அரசு வேலையில்லாத ஓவியர்களுக்குச் சம்பளம் கொடுத்து சுகாதாரம், நூலகம், நாடகம் பற்றியெல்லாம் சுவரொட்டி செய்வித்தது. தொடக்கத்தில் ஒவ்வொன்றையும் கையாலே வரைந்தார்கள். வர்த்தக அச்சில் அனுபவமுள்ள ஆன்டனி வெலோனிஸ் என்ற இளைஞர்தான் ஸ்கிறீன் முறையை அங்கே கொண்டுவந்தார். அதன் பிறகு உற்பத்தி எங்கேயோ போய்விட்டது. ஏறத்தாழ 35,000 வடிவங்களில் 20 இலட்சம் சுவரொட்டிகள் அடிக்கப்பட்டதாக மதிப்பிடுகிறார்கள். வேலையில்லாமல் நின்ற ஓவியர்களின் கைகளை நம்பியே இவ்வளவும் நடந்தது.

இனி பாரிஸ், மே 1968. மாணவர் போராட்டம் தொழிலாளர் வேலைநிறுத்தமாகப் பரவி, 70 இலட்சம் முதல் ஒரு கோடி வரையான மக்கள் வேலையை விட்டு வெளியே வந்த மாதம் அது. தொலைக்காட்சி அரசின் பிடியில் இருந்தது. தெருவில் நடப்பதற்கும் திரையில் வருவதற்கும் சம்பந்தமில்லை. அப்ப சுவர்தான் மிச்சம்.

மே 14 அன்று நுண்கலைக் கல்லூரியின் மாணவர்கள் அங்கிருந்த லித்தோ பிரஸ்ஸில் முதல் சுவரொட்டியை அடித்தார்கள். ஆலைகளும் பல்கலைக்கழகங்களும் ஒன்றுபடட்டும் என்பதுதான் செய்தி. அடித்தது வெறும் 30 பிரதி அளவில். அங்கே நின்ற ஓவியர் ஜெரார் ஃப்ரொமான்ஜே பின்னாளில் அதை நினைவுகூர்ந்திருக்கிறார். அந்த 30ஐயும் கலரி ஒன்றில் விற்று இயக்கத்துக்குக் காசு சேர்ப்பதுதான் திட்டமாம். கதவைத் தாண்டியதுமே மாணவர்கள் அவற்றைப் பறித்துக்கொண்டுபோய்ச் சுவரில் ஒட்டிவிட்டார்கள். சுவரொட்டியின் இடம் எதுவென்று அத்தோடு விளங்கிவிட்டது. 30 பிரதி போதாது என்பதும் விளங்கிவிட்டது.

அந்த நேரம்தான் கீ த ரூஜ்மோன் என்ற ஓவியர் ஸ்கிறீன் முறையை முன்வைத்தார். சட்டகம், துணி, மை, கட்டை இருந்தால் போதும். காயப்போட ஒரு கொடி வேண்டும். பழகுவதற்கு வருடக்கணக்கு தேவையில்லை. முன்பின் அச்சு வேலை செய்யாத ஒருவரும் கொஞ்ச நேரத்தில் வரிசையில் நின்று அடிக்கத் தொடங்கலாம். மக்கள் பட்டறை என்று பெயர் வைத்துக்கொண்ட அந்த இடத்தில் மாணவர்களும் ஓவியர்களும் தொழிலாளர்களும் கலந்து நின்று இரவும் பகலும் அடித்தார்கள்.

தாளுக்கு என்ன செய்தார்கள்? வேலைநிறுத்தத்தில் இருந்த பத்திரிகை அச்சகத் தொழிலாளர்கள், ரோல்களில் மிஞ்சிய தாளைக் கொடுத்தார்கள். மெல்லிய, கெதியில் மஞ்சளாகிற செய்தித்தாள்தான். ஆனால் இரண்டு நாள் சுவரில் நிற்க வேண்டிய செய்திக்கு அது தாராளம். நிறத்திலும் இதே கணக்குத்தான். ஸ்கிறீனில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி அச்சு எடுக்க வேண்டும், காயும்வரை காத்திருக்க வேண்டும். அதனால் பெரும்பாலானவை ஒரே நிறம். புகைபோக்கி முஷ்டியாக உயர்கிற ஆலை, வரிசையாகப் போகிற செம்மறிக் கூட்டம் என்று இன்று புத்தகங்களில் பார்க்கிற அந்தத் தடித்த உருவங்களை ரசனை மட்டும் தீர்மானிக்கவில்லை. நேரமும் தாளும் மெஷினும் சேர்ந்து தீர்மானித்தன.

எதை அடிப்பது என்பதைப் பொதுக்கூட்டம் முடிவெடுத்தது. ஒவ்வொரு வரைபையும் வைத்துக் கேட்டது இரண்டு கேள்வி: அரசியல் கருத்து சரியா? படம் அந்தக் கருத்தைச் சரியாகச் சொல்கிறதா? யாரும் கையெழுத்துப் போடவில்லை. வேறு பீடங்களிலும் நகரங்களிலும் இதே மாதிரிப் பட்டறைகள் முளைத்தன. கொப்பி பண்ணச் சுலபமாக இருந்ததும் அதற்கு ஒரு காரணம். ஜூன் 27 அன்று பொலிஸ் உள்ளே புகுந்து எல்லோரையும் வெளியேற்றியது. அதற்குள் நூற்றுக்கணக்கான வடிவங்கள் தெருவுக்குப் போயிருந்தன.

பாரிஸில் வேகம்தான் பிரச்சினை. தென்னாபிரிக்காவில் பிரச்சினை உயிர். நிறவெறி ஆட்சியில் இருந்து தப்பிவந்த கலைஞர்கள் எல்லைக்கு அப்பால், பொட்ஸ்வானாவின் கபரோன் நகரில், மெடு என்ற கலைக்குழுவை நடத்தினார்கள். மெடு என்றால் வேர். அவர்களும் ஸ்கிறீன் முறையைத்தான் எடுத்தார்கள். ஆனால் அச்சடித்த கட்டுகளை எல்லை தாண்டிக் கொண்டுபோவது ஆபத்து, பிடிபட்டால் சிறை. அதனால் ஒரு சூட்கேஸுக்குள் அடங்கக்கூடிய ஸ்கிறீன் பிறின்ட் தொகுதி ஒன்றை வடிவமைத்தார்கள். சுவரொட்டியை அனுப்புவதற்குப் பதிலாக அச்சகத்தையே அனுப்புகிற யோசனை அது. 1982 இல் கபரோனில் நடந்த பண்பாடும் எதிர்ப்பும் விழாவுக்கு உள்நாட்டில் இருந்து வந்தவர்கள் பலர். அதன் பிறகு கேப் டவுனிலும் ஜொஹானஸ்பேர்க்கிலும் ஸ்கிறீன் பயிற்சிப் பட்டறைகள் எழுந்தன. 1985 ஜூன் 14 அன்று தென்னாபிரிக்க இராணுவம் கபரோனுக்குள் புகுந்து 12 பேரைக் கொன்றது. அவர்களில் மெடுவின் ஓவியர் தாமி ம்நியேலேயும் ஒருவர். பட்டறை அத்தோடு முடிந்தது. ஆனால் வேலை பழகியவர்கள் அதற்கு முதலே உள்ளே போயிருந்தார்கள்.

இன்று நாங்கள் விலை பார்க்கிற பெரிய இன்க்ஜெட் பிரிண்டரின் வரலாறு வேறு திசையில் இருந்து வருகிறது. அச்சகங்கள் மாதிரிப் பிரதி பார்ப்பதற்காகச் செய்யப்பட்ட ஐரிஸ் என்ற மெஷினைப் பாடகர் கிரஹாம் நாஷ் 1,26,000 டொலருக்கு வாங்கி, 1991 இல் கலிஃபோர்னியாவில் கலைப்பட அச்சகம் தொடங்கினார். படங்கள் அழகு. ஆனால் தொடக்ககால மை சில வருடங்களிலேயே மங்கியது. விலை இன்று எவ்வளவோ இறங்கிவிட்டது. அன்றைய பிரச்சினை மட்டும் இன்னும் இருக்கிறது: மெஷினை விட மைதான் பெரிய விஷயம். பல கம்பனிகள் மெஷினைக் குறைந்த விலைக்கு விற்று, மையில்தான் இலாபம் பார்க்கின்றன.

அப்ப எங்களுக்கு எது? ஏ1 அளவு 594க்கு 841 மில்லிமீற்றர். 24 அங்குல மெஷின் அதற்குப் போதும், 36 தேவையில்லை. மாதத்தில் நாலைந்து சுவரொட்டி மட்டும் என்றால் மெஷினே வேண்டாம், கடையில் அடிப்பதுதான் இலாபம். இன்க்ஜெட்டைச் சும்மா வைத்திருந்தால் அதன் தலை அடைத்துப் போகும். ஒவ்வொன்றும் வேறு வேறு படம், கனக்க நிறம் என்றால் இன்க்ஜெட் சரி. வெயிலில் ஒட்டுவதென்றால் டை மை மங்கும், பிக்மென்ட் மை கூடக் காலம் நிற்கும். ஒரே படத்தில் 200 வேண்டும் என்றால் இன்றைக்கும் ஸ்கிறீன்தான் மலிவு. இரண்டுக்கும் காசில்லையா? நான்கு ஏ3 சேர்ந்தால் ஒரு ஏ1. கறுப்பு வெள்ளையில் போட்டோகொப்பி எடுத்து ஒட்டலாம். டிமைத்தாளும் தூரிகையும் எப்போதும் இருக்கிறது.

இவற்றையெல்லாம் கூட்டிக் கழித்த பிறகும் கபரோன்காரர்களின் கேள்வி ஒன்று மிஞ்சும். அந்த மெஷினை ஓட்டத் தெரிந்தவர் படிப்பு முடிந்து போனால், அடுத்த பட்ச் பெடியளுக்கு அதைப் பழக்கியிருப்போமா? கடைக்காரரிடம் விலை கேட்க முதல் அதை எங்களுக்குள்ளே ஒருக்கா கேட்டுப் பார்க்க வேண்டும்.