அடையாற்றுக்கு வந்த ஆசிரியை

தமிழ்நாட்டின் எந்தச் சிற்றூருக்குப் போனாலும் ‘மாண்டிசோரி’ என்று எழுதிய பெயர்ப்பலகை ஒன்றாவது கண்ணில் பட்டுவிடுகிறது. உள்ளே எட்டிப் பார்த்தால் பெரும்பாலும் பெஞ்சும் கரும்பலகையும்தான். அந்தப் பெயருக்குரியவர் சென்னையிலும் கொடைக்கானலிலும் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தவர் என்று சொன்னால் நண்பர்கள் பலரும் வியக்கிறார்கள். அந்த வியப்பே இதனை எழுதத் தூண்டியது.

மரியா மாண்டிசோரி அடிப்படையில் மருத்துவர். 1896இல் ரோம் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர். இத்தார், செகென் என்ற இரு பிரெஞ்சு மருத்துவர்களின் எழுத்துகளைக் கற்று, அவர்கள் வழியில் புலன்பயிற்சிக் கருவிகளை உருவாக்கினார். 1907இல் ரோமின் சான் லொரென்சோ என்ற ஏழ்மை மிக்க குடியிருப்பில் முதல் ‘குழந்தைகள் இல்லம்’ திறக்கப்பட்டது. பிறநாட்டு ஆசான்களிடம் கற்பது அவருக்கே தொடக்கம் முதல் உரிய வழக்கம் என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறோம்.

அவர் இந்தியாவுக்கு வருமுன்பே அவருடைய நூல்கள் வந்துவிட்டன. குஜராத்தில் வழக்கறிஞராயிருந்த கிஜுபாய் பதேக்கா, தம் மகனை எப்படி வளர்ப்பது என்ற கவலையில் அவற்றைப் படித்தார். வக்கீல் தொழிலைக் கைவிட்டார். 1920இல் பாவ்நகரில் குழந்தைகளுக்கென ஒரு பாலமந்திர் தொடங்கினார். அவருடைய ‘பகல்கனவு’ தமிழ் வாசகர்களும் அறிந்த நூலே. ஆனால் அவர் மாண்டிசோரியின் வெறும் சீடரல்லர். கதையும் நாடகமும் நாட்டுப்பாடலும் அவர் பள்ளியின் உயிர்நாடி. கற்பனைக் கதைகளைச் சிறுகுழந்தைகளுக்குச் சொல்வதில் மாண்டிசோரிக்கோ தயக்கம் உண்டு. இருவரும் நேரில் உட்கார்ந்து இதைப் பேசியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறோம். அதற்கு வழியில்லாமல் போயிற்று. கிஜுபாய் 1939 ஜூனில் மறைந்தார். அவ்வாண்டின் இறுதியில்தான் மாண்டிசோரி சென்னை வந்தார்.

அழைத்தவர் பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேல். வந்தவருக்கு வயது அறுபத்தொன்பது. கூடவே மகன் மாரியோ. சில மாதப் பயிற்சி வகுப்பு நடத்திவிட்டுத் திரும்புவதே திட்டம். இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் முந்நூறு பேர் அளவில் ஆசிரியர்கள் அடையாற்றில் கூடினார்கள். அவர்கள் தங்க ஓலைக் குடிசைகள் எழுந்தன. அவர் இத்தாலிய மொழியில் பேசுவார். மாரியோ வாக்கியம் வாக்கியமாக ஆங்கிலத்தில் சொல்வார். கேட்டவர்கள் அதைத் தத்தம் தாய்மொழிக்குள் மறுபடி பெயர்த்துக்கொண்டிருப்பார்கள். மூன்று மொழிகளைக் கடந்தும் ஒரு கல்விமுறை உயிரோடு வந்து சேர்ந்தது சிறிய செயலன்று.

1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியது. ஒரே நாளில் விருந்தினர் ‘பகைநாட்டார்’ ஆனார். மாரியோவை ஆங்கில அரசு அகமதுநகர் முகாமில் அடைத்தது. மூதாட்டியை அடையாற்றுத் தோட்டத்துக்குள்ளேயே கட்டுப்படுத்தியது. முசோலினியோடு முரண்பட்டுத் தம் நாட்டைவிட்டே வெளியேறியவர் அவர் என்பது ஆள்வோரின் கோப்புகளுக்கு ஒரு பொருட்டாகவில்லை. ஆகஸ்ட் 31 அன்று அவருடைய எழுபதாம் பிறந்தநாளில் மாரியோ விடுவிக்கப்பட்டார். அதுகாறும் உலகின் முன் உறவினர் என்றும் வளர்ப்புப் பிள்ளை என்றும் அறிமுகப்படுத்தப்பட்டு வந்தவர் மாரியோ. அரசப்பிரதிநிதியின் தந்தியில் அவர் ‘மகன்’ என்றே குறிக்கப்பட்டதை வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் தவறாமல் சொல்கிறார்கள்.

நாடு திரும்ப இயலாத அந்த ஆண்டுகள்தாம் எங்கள் பார்வையில் இக்கதையின் மையம். 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் வெவ்வேறு வயதுக் குழந்தைகள் ஒரே இடத்தில் பயின்றனர். இலங்கையைச் சேர்ந்த லீனா விக்ரமரத்ன என்ற ஆசிரியை மாரியோவுடன் இணைந்து பணியாற்றினார். வகுப்பறையை விட மலைச்சரிவே அங்கே பெரிய பாடநூல். செடி, பூச்சி, கல், நீர் என்று கண்ணில் பட்டதெல்லாம் ஒன்றோடொன்று எப்படிப் பிணைந்திருக்கிறது என்று குழந்தைகள் ஆராய்ந்தார்கள். ஆறு முதல் பன்னிரண்டு வயதினருக்கான ‘பிரபஞ்சக் கல்வி’ என்று பின்னர் உலகெங்கும் அறியப்பட்ட முறை வடிவம் பெற்றது இங்கேதான்.

அதற்கு முன் அவருடைய உழைப்பு பெரும்பாலும் மூன்று முதல் ஆறு வயதுக்குரியது. இந்தியாவில் அவர் கைக்குழந்தைகளைக் கவனிக்கலானார். இங்கே தாய் சந்தைக்குப் போனாலும் இடுப்பில் பிள்ளை. வயலுக்குப் போனாலும் பிள்ளை. பேச்சையும் பேரத்தையும் சண்டையையும் அது பார்த்துக்கொண்டே வளர்கிறது. நமக்குக் கவனிக்கவே தோன்றாத காட்சி இது. அவருக்கோ, பிறந்தது முதலே உள்ளம் சுற்றத்தை ஈர்த்துக்கொள்கிறது என்ற கருத்துக்கு இது வலுவூட்டியது. அகமதாபாத்தில் நிகழ்த்திய உரைகளிலிருந்து உருவாகி 1949இல் வெளிவந்த அவருடைய நூல் இந்த உள்ளத்தைப் பற்றியதுதான். கற்பிக்க வந்தவர் பெற்றுச் சென்றதும் குறைவில்லை. பயிற்சி பெற்றுச் சென்றோரும் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள்.

எல்லாம் சரி, கருவிகளின் விலை? நேர்த்தியாக இழைத்த மரக்கட்டைகளும் உருளைகளும் ஏழைப் பள்ளிக்கு எட்டாதவை. இங்கே அம்முறை செல்வர் வீட்டுப் பிள்ளைகளின் சொத்தாகச் சுருங்கியதற்கு அதுவும் ஒரு காரணம் என்றே கருதுகிறோம். இதை உடைத்தவர் கிஜுபாயின் தோழர் தாராபாய் மோடக். 1945இல் மும்பைக்கு வடக்கே போர்டியிலும், பின்னர் கோஸ்பாடிலும் அனுதாய் வாக்குடன் சேர்ந்து வார்லிப் பழங்குடிக் குழந்தைகளுக்காக உழைத்தார். மரக்கட்டைக்குப் பதில் விதை, கூழாங்கல், கிளிஞ்சல், இலை. பிள்ளைகள் பள்ளிக்கு வரவில்லையா, பள்ளி அவர்களுடைய முற்றத்துக்குப் போனது. மாடு மேய்க்கப் போனார்களா, மேய்ச்சல் வெளிக்கும் போனது.

முற்றத்துக்கு அங்கே ‘அங்கண்’ என்று பெயர். அதனின்று பிறந்த ‘அங்கன்வாடி’ 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் தொடங்கிய மைய அரசுத் திட்டத்தின் வழியே நம் ஊர்களுக்கும் வந்தது. ஆனால் எங்கள் ஊர்ப் பாட்டிமார்கள் இன்றும் ‘பால்வாடி’ என்றுதான் சொல்கிறார்கள். வடக்கே அந்தப் ‘பால்’ குழந்தையைக் குறிக்கும் சொல். நம்மவர் காதில் அது கறந்த பாலாகவே விழுந்திருக்கிறது. பசித்த பிள்ளைகள் சத்துணவுக்காகத் தட்டோடு போன இடத்துக்கு அந்தப் பொருளும் பொருந்தியே வந்தது.