யூரியாவும் மண்ணின் பைங்குடில் வளிம உமிழ்வும்

யூரியா இடப்பட்ட விளைநிலங்களில் இருந்து நைட்ரசு ஆக்சைடு, கார்பன் டை ஆக்சைடு ஆகியவை வெளியேறி வளிமண்டலத்தில் கலக்கின்றன. இவை புவியின் வெப்பம் விண்வெளிக்குச் செல்வதைத் தடுக்கும் பைங்குடில் வளிமங்கள் ஆகும். புகைபோக்கி இன்றி மண்ணில் இருந்தே வெளியேறுவதால் இவ்வுமிழ்வு பலரின் கவனத்திற்கு வருவதில்லை.

மணலி ஆலை

வடசென்னையில் திருவொற்றியூரை அடுத்துள்ள மணலியில் மெட்ராஸ் பெர்டிலைசர்ஸ் என்னும் பொதுத்துறை நிறுவனம் யூரியா தயாரிக்கிறது. 1966 இல் நிறுவப்பட்ட இது 1971 இல் உற்பத்தியைத் தொடங்கியது. இதன் உரம் 'விஜய்' என்னும் பெயரில் தென்மாநிலங்களில் விற்கப்படுகிறது. முன்பு நாப்தாவைப் பயன்படுத்திய ஆலை 2019 இல் இயற்கை எரிவளிக்கு மாறியது. நாப்தாவை விட இதில் கார்பனின் பங்கு குறைவு. எனினும் மூட்டை வயலைச் சென்றடைந்தபின் நிகழ்வது இதனால் மாறுவதில்லை.

மண்ணில் நிகழ்வது

அம்மோனியாவும் கார்பன் டை ஆக்சைடும் வினைபுரிந்து யூரியா உருவாகிறது. ஆலையில் இவ்வாறு பிணைக்கப்பட்ட கார்பன் டை ஆக்சைடு, மண்ணில் யூரியா சிதையும்போது மீண்டும் வெளியேறுகிறது. எஞ்சும் அம்மோனியத்தைப் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டாக மாற்றுகின்றன. ஆக்சிசன் குறைந்த ஈரமண்ணில் வேறு பாக்டீரியாக்கள் அந்த நைட்ரேட்டை நைட்ரசன் வளிமமாக்குகின்றன. இரு வினைகளிலும் சிறுபகுதி நைட்ரசு ஆக்சைடாகக் கசிகிறது. 100 ஆண்டுக் கணக்கில் இதன் வெப்பமூட்டும் திறன், அதே எடையுள்ள கார்பன் டை ஆக்சைடைப் போல் 273 மடங்கு ஆகும்.

45 கிலோ மூட்டை ஒன்றில் 20.7 கிலோ நைட்ரசன் உள்ளது. காலநிலை மாற்றத்திற்கான பன்னாட்டு அரசுக் குழுவின் 2006 ஆம் ஆண்டு வழிகாட்டுதல், இதில் 1% நைட்ரசு ஆக்சைடாக மாறுவதாகக் கொள்கிறது. அதன்படி ஏறத்தாழ 325 கிராம் நைட்ரசு ஆக்சைடு வெளியேறும். இது 89 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்கு ஈடாகும். யூரியா சிதைவில் வெளிவரும் 33 கிலோவையும் சேர்த்தால், மொத்தம் மூட்டையின் எடையைப் போல் இரண்டரை மடங்குக்கும் மேலாகிறது.

நெல் வயல்கள்

நீர் தேங்கிய நெல் வயலுக்கு அதே வழிகாட்டுதல் 0.3% மட்டுமே கொள்கிறது. ஆக்சிசன் இல்லாத சேற்றில் நைட்ரேட்டு குறைவாகவே உருவாகும். ஆனால் அச்சேறே மெத்தேனைத் தோற்றுவிக்கிறது. திருந்திய நெல் சாகுபடியில் பின்பற்றப்படும் 'காய்ச்சலும் பாய்ச்சலும்' முறையில் மெத்தேன் வெகுவாகக் குறையும்; மண் காய்ந்து நனைவதால் நைட்ரசு ஆக்சைடு கூடக்கூடும். எனவே நீரை மட்டும் குறைத்து உரத்தை வழக்கம்போல் அள்ளி இடுவது பயனில் ஒரு பகுதியை இழக்கச் செய்யும்.

2015 முதல் இந்தியாவில் தயாராகும் யூரியா முழுவதற்கும் வேப்ப எண்ணெய் பூசப்பட வேண்டும். இது அம்மோனியம் நைட்ரேட்டாக மாறுவதைத் தாமதப்படுத்துகிறது. பயிரின் தேவையறிந்து உரமிட, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இலை வண்ண அட்டையைப் பரிந்துரைக்கிறது. இலையின் பச்சை நிறம் அட்டையில் குறித்த அளவிற்குக் கீழே வெளிறும்போது மட்டுமே யூரியா இடப்படுகிறது.