கருங்கண்ணியும் கணிப்பொறியின் நினைவகமும்

கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் சீமையின் சரித்திரத்தைப் பருத்தியின் சரித்திரத்தினின்றும் பிரித்து எழுத இயலாது. வடகிழக்குப் பருவமழையின் ஈரத்தை நெடுநாள் தன்னுள் வைத்துக் காக்கும் இந்த மண்ணில், பாசனம் ஏதுமின்றி மானாவாரியாக விளைந்த கருங்கண்ணியும் உப்பமும், 1876-இல் தூத்துக்குடிக்கு ரயில் ஓடத் தொடங்கிய பின்னர், திருநெல்வேலிப் பருத்தி என்ற ஒரே வியாபாரப் பெயரின் கீழ்க் கலந்தே கப்பலேறின. 1901-இல் இங்கே நிறுவப்பட்ட வேளாண் ஆராய்ச்சி நிலையம் தலைமுறை தலைமுறையாகச் செய்த அரிய பணி, அந்தக் கலப்பிலிருந்து நல்ல செடியைத் தனியே பிரித்து, அதன் வித்தைப் பெருக்கிச் சம்சாரிகளிடம் சேர்ப்பித்ததாகும். 'கே' என்ற எழுத்தைத் தாங்கிய ரகங்கள் அதற்குச் சாட்சி.

கருங்கண்ணி, காசிப்பியம் ஆர்போரியம் என்னும் ஆசிய இனத்தது. அவ்வினத்தின் மரபணுத்தொகையைச் சீன விஞ்ஞானிகள் முன்னின்று 2014-இல் வெளியிட்டனர்: 13 குரோமோசோம்கள், ஏறத்தாழ 170 கோடி டி.என்.ஏ. எழுத்துகள், அவற்றுள் சுமார் மூன்றில் இரண்டு பங்கு, ஒரே வாசகம் பல இடங்களில் பெருகிக் கிடக்கும் திரும்பல்கள். அன்றைய கருவிகள் இதனைச் சிறு துணுக்குகளாகவே, மூலத்தைப்போல் நூறு மடங்குக்கு மேல் வாசித்துக் குவித்தன. 2008-இல் வந்த வெல்வெட், அடுத்து வந்த ஏபிஸ், சோப்டெனோவோ முதலிய நிரல்கள், துணுக்குகளை 31 எழுத்து போன்ற சொற்களாக நறுக்கி, ஒன்றன் வாலோடு மற்றொன்றின் தலையைப் பொருத்தித் தொடுப்பவை; அத்தனை சொற்களும் ஒரே சமயத்தில் நினைவகத்தில் இருந்தாக வேண்டும் என்பதே சங்கடத்தின் மூலம்.

இத்தகைய நிரலை ஓட்டும்போது, மணிக்கணக்காக ஓடிய வேலை திடீரென நிற்கும். லினக்ஸ் திரையில் 'கில்டு' என்ற ஒரே சொல் மிஞ்சும். நிரலில் குற்றம் என்று பலர் மயங்குவர். உண்மையில், நினைவகம் தீர்ந்து இயந்திரம் முழுவதும் ஸ்தம்பிப்பதைத் தடுக்க, இயங்குதளமே மிகுதியாக இடம் பிடித்த வேலையை நிறுத்தியிருக்கும். இயங்குதளத்தின் மையமான கர்னலின் பதிவேட்டைப் பார்த்தால் இது விளங்கும். உடனே அதிக ரேம் வாங்க முற்படுவது அவசரம் என்பேன். துணுக்கின் நடுவே ஓர் எழுத்து தவறாக வாசிக்கப்பட்டால், அதைத் தொட்டுச் செல்லும் 31 சொற்களும் பெரும்பாலும் செடியில் இல்லாத போலிகளாகின்றன. வாசிப்பைப் பெருக்கப் பெருக்க மெய்ச்சொற்கள் ஓர் எல்லையில் நின்றுவிட, போலிகள் மட்டும் வளர்ந்துகொண்டே போகின்றன. ஆகவே, விதைப்புக்கு முன் வித்தில் கலப்பைப் பொறுக்கி எடுப்பதுபோல, தொடுப்பதற்கு முன்பே சொற்களை எண்ணி, ஓரிரு முறை மட்டும் தோன்றியவற்றைக் கழிப்பதே முதற்காரியம்.

ஏபிஸ் இந்த நினைவகப் பாரத்தைப் பல கணிப்பொறிகளுக்குப் பங்கிட்டது. 2012-இல் பிரான்சில் உருவான மினியா, ப்ளூம் வடிப்பான் என்னும் சிக்கனமான பதிவுமுறையைக் கொண்டு, மனித மரபணுத்தொகையையே 5.7 கிகாபைட் நினைவகத்தில், மேஜைக் கணிப்பொறி ஒன்றிலேயே துண்டுத் தொடர்களாக இணைத்துக் காட்டியது. திரும்பல்களைத் தாண்டி முழுக் குரோமோசோமாக்குவதற்கு நீண்ட வாசிப்புகள் வேண்டும். அது வேறு பிரயத்தனம். ஆனால் ஆர்போரியத்தின் தொகை மனிதனுடையதில் பாதிக்குச் சற்றே கூடுதல். 2014-இல் வாசிக்கப்பட்டது ஷிசியா-1 என்னும் சீன ரகம்; கரிசலில் பல தலைமுறை தேர்ந்தெடுத்து வளர்த்த கருங்கண்ணி அதனின்றும் எங்கெங்கே வேறுபடுகிறது என்று ஆராயும் காரியத்தைக் கோவில்பட்டியிலேயே, கைக்கு எட்டும் கணிப்பொறிகளைக் கொண்டே செய்ய வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.