ரெண்டு வருஷம் சும்மா இருந்த ஜூடித்

நம்ம கூட்டமைப்பில் எந்தத் தொழில் பற்றிப் பேசினாலும் முதலில் வருவது "மாசம் எவ்வளவு கிடைக்கும்?" என்ற கேள்விதான். கடன் வாங்கி அடைக்கிறவங்க கேட்கத்தான் வேணும். ஆனால் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கு ஓவியக்கூடம் வைப்பது பற்றிப் பேசும்போது இந்த வரலாற்றையும் தெரிஞ்சுக்கணும்.

அமெரிக்காவில் ஓக்லாந்து நம்ம ஊர் மாதிரியே துறைமுக ஊர். கன்டெய்னர், லாரி எல்லாம் உண்டு. அங்கே இருக்கும் ‘கிரியேட்டிவ் குரோத்’ கூடத்தை 1974-ல் ஃபுளோரன்ஸ் என்ற ஓவியரும் அவர் கணவர், உளவியலாளர் இலையஸ் காட்ஸும் தங்கள் வீட்டு கார் ஷெட்டில் தொடங்கினாங்க. அப்போது அரசு, பெரிய காப்பகங்களில் இருந்தவர்களை வெளியே அனுப்பிக்கொண்டிருந்தது. வந்தவர்களுக்குப் பகலில் போய் உட்கார ஓர் இடம் இல்லை. இங்கே பாடம் கிடையாது. வண்ணம், களிமண், நூல் இருக்கும். கேட்டால் உதவ ஒரு கலைஞர் பக்கத்தில் இருப்பார்.

1987-ல் ஜூடித் ஸ்காட் அங்கே வந்தார். டவுன் சிண்ட்ரோம், காதும் கேட்காது, பேச்சும் இல்லை. ஏழு வயசில் காப்பகத்தில் விடப்பட்டு 35 வருஷம் அங்கேயே கழிந்தது. காது கேட்காததையே ரொம்ப காலம் யாரும் கண்டுபிடிக்கலை! கூடப் பிறந்த இரட்டை, ஜாய்ஸ், பொறுப்பேற்றுக் கூட்டிவந்தார்.

கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் ஜூடித்துக்கு எதிலும் மனசு ஒட்டலை. அவரை யாரும் விரட்டலை. பிறகு ஒருநாள் நூல் வேலை வகுப்பில் கையில் கிடைத்ததை நூலால் சுற்றத் தொடங்கினார். அப்புறம் நிறுத்தவேயில்லை. 2005-ல் இறக்கும்வரை இருநூறுக்கு மேல் சிற்பங்கள் செய்தார். நியூயார்க்கின் பெரிய அருங்காட்சியகத்தில் அவர் வேலை இருக்கிறது. ஆறு மாசத்தில் கணக்குக் கேட்டிருந்தால் அவரைத் திருப்பி அனுப்பியிருப்பாங்க.

பணம்? அரசு உதவி, நன்கொடை, விற்பனை மூன்றும் சேர்ந்துதான் கூடம் நடக்குது. படம் விற்றால் பாதி கலைஞருக்கு. நம்ம கடற்கரையிலேயே, ஈஞ்சம்பாக்கத்தில், 1966-ல் கே.சி.எஸ். பணிக்கரும் அவரோட ஓவியர்களும் சோழமண்டலம் கிராமத்தை உருவாக்கினாங்க. பாட்டிக் துணி விற்ற காசு அதுக்கு உதவியது. சேர்ந்து சம்பாதித்து இடம் பிடிப்பது நமக்குப் புரியாத கணக்கு இல்லையே.

பிள்ளையை வீட்டில் பூட்டிவிட்டு விடியற்காலை காசிமேடு ஏலத்துக்குப் போகும் அம்மாக்கள் நம்மிடையே இருக்காங்க. தையல் குழுவிடம் வெட்டுத் துணி மூட்டை மூட்டையாக இருக்கு. கூட்டம் நடக்கும் அறையும் பகலில் காலியாகத்தான் கிடக்குது. வாசலில் சரிவுப் பாதை கட்டணும். கழிவறைக் கதவையும் அகலப்படுத்தணும், இப்போ சக்கர நாற்காலி நுழையாது.