எத்தனை நாள் வைத்திருப்பது?

இணைப்பைத் துண்டித்துவிட்டு அஞ்சல் படிக்க உதவிய மென்பொருள்களின் அமைப்புகள் பக்கத்தில், பலரும் தொடாமலே விட்ட ஒரு கட்டம் உண்டு: சர்வரில் நகல் இருக்கட்டுமா, இருந்தால் எத்தனை நாள்? வட்டில் இடம் மிச்சம் பிடிக்கும் சில்லறை வேலையாகத்தான் அதைக் கருதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1980களிலிருந்து இருபது ஆண்டுகளுக்கு, கணினியில் எழுதப்பட்டவற்றில் எது மிஞ்சும், எது அழியும் என்பதை இத்தகைய தேர்வுகள்தான் பெருமளவு தீர்மானித்தன. அந்தத் தீர்மானம் படிப்பவர் கையில் இருந்ததே அக்காலத்தின் பெரிய பலம்.

யாரும் யோசித்துக் கொடுத்த உரிமையல்ல அது. தொலைபேசிக் கட்டணம் கொண்டுவந்து சேர்த்தது. 1984இல் டாம் ஜென்னிங்ஸ் அமெரிக்காவில் தொடங்கிய, கணினி அறிவிப்புப் பலகைகளின் வலையான ஃபிடோநெட்டில், கட்டணம் குறைவான நள்ளிரவில் கணினிகள் ஒன்றையொன்று அழைத்து அஞ்சலை மாற்றிக்கொண்டன. 1987இல் மார்க் ஹெரிங் உருவாக்கிய கியூடபிள்யூகே வடிவம் அதே சிக்கனத்தை வாசகருக்கும் தந்தது. கடைசியாகப் படித்ததற்குப் பின் வந்தவை மட்டும், 128 பைட் துண்டுகளாக அடுக்கப்பட்டு, ஒரே சுருக்கப் பொட்டலமாக இறங்கும். அழைப்பைத் துண்டித்துவிட்டு நிதானமாகப் படிக்கலாம். பதில்கள் அடுத்த அழைப்பில் இன்னொரு பொட்டலமாகப் போகும். அறிவிப்புப் பலகையை நடத்தியவரின் வட்டு சிறியது. புதியது வர வர அங்கே பழையது கழியும். வாசகர் வீட்டுப் பொட்டலமோ அவராக அழிக்கும்வரை இருக்கும். மூலம் போனபின்னும் நகல் நின்றது.

சர்வரிலிருந்து அஞ்சலை இறக்க உதவும் பாப் நெறிமுறையிலும் இதே நிலைதான். அதன் மூன்றாம் பதிப்பை வரையறுக்கும் 1996ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 1939 ஆவணம், சர்வர் நடத்துபவர்கள் தங்கள் விருப்பப்படி காலவரையறை வைத்துக்கொள்ளலாம் என்கிறது. படிக்காத அஞ்சலை 60 நாளிலும் படித்ததை 7 நாளிலும் அழிப்பதை உதாரணமாகவும் காட்டுகிறது. படித்ததற்கு ஏன் ஆயுள் குறைவு? அது ஏற்கெனவே வீடு போய்ச் சேர்ந்திருக்கும் என்ற அனுமானம்தான் காரணமாக இருக்க வேண்டும். காப்பது பெற்றவர் பொறுப்பு.

யாரும் காக்காவிட்டால் என்னவாகும் என்பதை யூஸ்நெட் காட்டுகிறது. 1980 முதல் ஓடிய அந்த உரையாடல் வலையில், தவணை முடிந்த இடுகைகளை நீக்கவே ‘எக்ஸ்பயர்’ என்று தனி நிரல் இருந்தது. டொராண்டோ பல்கலைக்கழக விலங்கியல் துறையில் பணியாற்றிய ஹென்றி ஸ்பென்சர் 1981இலிருந்து பத்தாண்டுகள் அவற்றைக் காந்த நாடாக்களில் எடுத்து வைத்தார். 141 நாடாக்கள், 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இடுகைகள். 2001இல் கூகுள் வெளியிட்ட யூஸ்நெட் காப்பகத்தில் ஆரம்ப ஆண்டுகள் இருப்பது பெருமளவு அவரால்தான்.

வீட்டுக் கணினி நம்பத்தக்க பெட்டகமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பழைய அவுட்லுக்கின் அஞ்சல் கோப்பு 2 ஜிபியைத் தொட்டால் திறக்காமலே போகும். வட்டு பழுதானால் பல வருட அஞ்சல் ஒரே நாளில் போய்விடும். ஹாட்மெயில் 2 எம்பி கொடுத்துக்கொண்டிருந்தபோது, 2004 ஏப்ரலில் ஜிமெயில் 1 ஜிபியோடு வந்தது. மக்கள் அங்கே போனதில் வியப்பில்லை. ஆனால் வீட்டில் நேர்ந்த இழப்பு சிதறலானது. என் வட்டில் அழிந்த குழும மடல் இன்னொருவர் வட்டில் இருக்கும். நடத்தும் நிறுவனமே அழிக்க முடிவெடுத்தால் மொத்தமும் போகும். யாஹூ குழுமங்களின் பழைய மடல்களை நீக்கப்போவதாக 2019 அக்டோபரில் அறிவிப்பு வந்தது. 2020 டிசம்பரில் சேவையே மூடப்பட்டது. மரத்தடி, ராயர் காபி கிளப் போன்ற தமிழ்க் குழுமங்கள் உரையாடிய இடம் அது. மடல்களை அஞ்சலாகப் பெற்று இறக்கி வைத்திருந்த உறுப்பினர் அவற்றுக்காக யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை.

இதைவிடக் கடினமான ஆட்சேபம் உண்டு: சில நாளில் மறையும் என்று நம்பி எழுதியவர்களின் வார்த்தையை என்றென்றைக்கும் வைத்திருப்பது சரியா? 1995இல் டேஜா நியூஸ் யூஸ்நெட் இடுகைகளைச் சேமித்துத் தேடக் கொடுத்தபோது இந்தக் கேள்வி பெரிதாக எழுந்தது. எழுதுபவர் ‘எக்ஸ்-நோ-ஆர்கைவ்’ என்ற தலைப்பு வரியைச் சேர்த்தால் அந்த நிறுவனம் அந்த இடுகையைத் தன் காப்பகத்தில் வைக்காது. எழுதியவரின் விருப்பத்துக்கும் இடம் உண்டு என்று ஒப்புக்கொண்ட ஏற்பாடு அது; அதை நான் மனமார ஆதரிக்கிறேன். நான் எதிர்ப்பது அழிப்பதை அல்ல, எழுதியவரையும் பெற்றவரையும் கேட்காமல் அழிப்பதை. அந்த வரிக்கும் எல்லை இருந்தது: அப்படிப்பட்ட இடுகையை இன்னொருவர் மேற்கோள் காட்டிப் பதில் எழுதினால், அந்தப் பதிலோடு சேர்ந்து அதுவும் காப்பகத்துக்குள் போனது.