சிப்பாயின் இதயம்: நெஞ்சு படபடத்தால் மனப்பிரமையா?



போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை, அன்னதானக் கூடத்தில் ஓர் அக்கா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துட்டாங்க. கை நடுங்குது, மூச்சு வாங்குது. உடனே மருத்துவமனைக்குக் கூட்டிட்டுப் போனோம். இசிஜி, இரத்தப் பரிசோதனை எல்லாம் சரி. இது மூன்றாவது தடவையாம். "எல்லாம் மனப்பிரமை"ன்னு வீட்டில் சொல்றாங்களாம். "நான் என்ன நடிக்கிறேனா தம்பி?"ன்னு அவங்க கேட்டது எங்களை உறுத்திக்கொண்டே இருக்கு. அவங்க சம்மதத்தோடுதான் இதை எழுதுறோம்.

இந்தக் கேள்விக்கு 150 வருஷத்துக்கு மேல் வயசு. அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861–65) சண்டை போட்ட சிப்பாய்கள் பலருக்கு இதே படபடப்பு, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல். பிலடெல்பியாவில் அவர்களுக்குச் சிகிச்சை பார்த்த மருத்துவர் டா கோஸ்டா, 1871இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். பலருடைய இதயத்தில் எந்தப் பழுதும் தெரியவில்லை. ஆனாலும் அவர்கள் பொய் சொல்வதாக அவர் ஒதுக்கிவிடவில்லை. 'எரிச்சலுற்ற இதயம்' என்று அதற்குப் பேர் வைத்தார். முதல் உலகப் போரிலும் இதே கதைதான். அப்போது தாமஸ் லூயிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர், இவர்களைப் படுக்கையிலேயே கிடத்தாமல் சிறுகச் சிறுக உடற்பயிற்சி கொடுக்கச் சொன்னார்.

இதற்கிடையே 1906இல் ஷெரிங்டன் என்ற விஞ்ஞானி, உடம்புக்குள்ளிருந்து மூளைக்குப் போகும் உணர்வுகளுக்குத் தனிப் பெயர் கொடுத்தார். கண், காது மாதிரி இதுவும் ஒரு புலன்தான். 1980இல் அமெரிக்க மனநலக் கையேட்டில் 'பேனிக் டிஸார்டர்' தனி நோயாக இடம்பெற்றது. அந்தச் சிப்பாய்களில் பலருக்கு இருந்தது இதுவாக இருக்கலாம் என்று பிற்கால மருத்துவர்கள் கருதினார்கள்.

1986இல் டேவிட் கிளார்க் என்ற உளவியலாளர் இதைத் தெளிவாக விளக்கினார். நெஞ்சு லேசாகப் படபடக்குது. "ஐயோ, மாரடைப்பு!"ன்னு மனசு பதறுது. பதறினதும் படபடப்பு கூடுது. அதைப் பார்த்துப் பயம் இன்னும் கூடுது. செக்கு மாடு மாதிரி இதிலேயே சுற்றி வரோம். ஆக, படபடப்பு நிஜம். அதற்கு மனசு சொல்ற அர்த்தம்தான் தப்பு. அந்த அர்த்தத்தை மாற்றப் பழக்குவதுதான் சிகிச்சை. அதுக்குப் பலன் உண்டு.

நம்ம பேச்சிலேயே இது இருக்குங்க. கவலைன்னா "நெஞ்சு கனக்குது", பயம்னா "வயித்தைக் கலக்குது"ன்னுதானே சொல்றோம்? உடம்பையும் மனசையும் நாம என்னைக்குப் பிரிச்சுப் பேசினோம்?

அதனால ஒரு வேண்டுகோள். நெஞ்சு வலிச்சா முதலில் மருத்துவமனைக்குப் போங்க, அதுல அலட்சியம் வேண்டாம். இதயம் நல்லாயிருக்குன்னு டாக்டர் சொன்ன பிறகும் தொல்லை தொடர்ந்தா, மனநல ஆலோசனை கேளுங்க. கோயிலுக்கு வாங்க, அர்ச்சனையும் பண்ணுங்க. ஆனா மருந்தையும் ஆலோசனையையும் நிறுத்திடாதீங்க.

அந்த அக்கா இப்போ அரசாங்க கிளினிக் மூலமா ஆலோசனைக்குப் போறாங்க. போன வாரம் பந்தியில் சாம்பார் பரிமாறினாங்க.

உங்க வீட்டிலும் யாராவது இப்படிச் சொன்னா, "ஒண்ணுமில்ல"ன்னு மட்டும் சொல்லிடாதீங்க. பக்கத்துல உட்காருங்க.

அன்புடன்,
ஆலயத் தொண்டர்கள்