பாரிஸ் வழக்காற்றுச் சட்டம்

பாரிஸ் நகரிலும் சுற்று வட்டாரத்திலும் நில உரிமை, வாரிசுரிமை, திருமணச் சொத்து ஆகியவற்றை வரையறுத்த சட்டத் தொகுப்பு. 1510இல் எழுத்தில் தொகுக்கப்பட்டு 1580இல் திருத்தம் பெற்றது. அச்சுற்று வட்டாரத்தில் ஒன்று, இன்று தமிழ்க் கடைகள் நெருங்கி நிற்கும் லா சப்பல். அக்காலத்தில் அது நகருக்கு வெளியே, சென் தெனி மடத்தின் ஆளுகையில் இருந்த சிற்றூர்; 1860இல்தான் பாரிசோடு இணைக்கப்பட்டது.

1664இல் பதினான்காம் லூயி இச்சட்டத்தையே கனடா உள்ளிட்ட பிரெஞ்சு அமெரிக்காவுக்கும் உரியதாக்கினார். கனடாவில் நிலம் அரசருடையதாக இருந்தது. அவரிடமிருந்து பெரும்பரப்பைப் பெற்றவர் 'செஞ்ஞர்'. நம் ஜமீன்தாரை நினைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒப்புமை முழுமையானதன்று. செஞ்ஞர் குடியேறிகளுக்கு நிலத்தைப் பிரித்துக் கொடுத்தாக வேண்டும். குடியானவர் அதை விற்கலாம், பிள்ளைகளுக்கு விடலாம். ஆண்டுதோறும் சிறு வரி செலுத்தினார். செஞ்ஞரின் ஆலையிலேயே தானியம் அரைத்தார். நிலம் விற்கப்பட்டால் விலையில் பன்னிரண்டில் ஒரு பங்கு செஞ்ஞருக்குச் சேரும். உண்மையில் கசந்தது இதுதான்: நிலத்தைத் திருத்திப் பண்படுத்தியவர் ஒருவர், உயர்ந்த விலையில் பங்கு பெற்றவர் வேறொருவர்.

குடியானவர் நிலம் பிள்ளைகளுக்குச் சமமாகப் பிரிந்தது. ஆற்றங்கரை எல்லோருக்கும் வேண்டியிருந்ததால் சென் லாரன்ஸ் ஆற்றோர வயல்கள் நீண்ட நாடாக்களாயின. கியூபெக்கின் வான்படங்களில் அவை இன்றும் தெரியும்.

பிரான்சில் 1793இல் செஞ்ஞர் உரிமைகள் முற்றாக ஒழிந்தன. பிரிட்டிஷ் ஆட்சிக்குப் போன கனடாவிலோ 1854 வரை நீடித்தன.